தென்கரையில் எழுந்த சிறகுகள்

ஓர் ஏரியின் தென்கரையில் நாமக்கோழிகள் எனும் நீர்ப்பறவைகளும் வடகரையில் வாத்துகளும் வாழ்ந்தன.

நாமக்கோழிகள் எதையும் ஒன்றாகக் கூடியே முடிவு செய்தன. பாதிக்கு மேல் சிறகுகள் எழுந்தால் அக்கணமே அது சட்டம். வாத்துகளோ ஐவரைத் தேர்ந்தெடுத்து ஆளவிட்டிருந்தன. அந்த ஐவரையும் ஒரு பழைய விதி கட்டுப்படுத்தியது: எவரையும் துரத்துமுன் அவர் சொல்லைக் கேட்க வேண்டும், ஒரு பௌர்ணமி கழிய வேண்டும்.

தென்கரைக்கு ஓர் ஆள்காட்டிக் குருவி காவல் இருந்தது. காட்டுப்பூனை நாணலுக்குள் நுழைந்தால் அது கத்தும். கோழிகள் திரண்டு கொத்தி விரட்டும். கரையெங்கும் அதன் புகழே பேச்சு.

ஒரு பெட்டை நாமக்கோழிக்கு அது பொறுக்கவில்லை. அவ்வாண்டு மிக அழகிய கூட்டைக் கட்டி முட்டையிட்டிருந்தது அதுதான். பார்க்க ஒருவரும் வரவில்லை.

"குச்சிக்கால், ஓயாத வாய். அதற்கு இத்தனை மரியாதையா?" என்றது தன் சேவலிடம்.

"அது கத்துவதால்தானே நம் முட்டைகள் பிழைக்கின்றன?"

"நீயும் அதன் பக்கமா?"

மறுநாள் கூட்டத்தில் ஆள்காட்டியைத் துரத்தச் சொல்லிப் பெட்டை எழுந்தது. "இதன் கூச்சலில் குஞ்சுகள் உறங்குவதில்லை. அது கிடக்கட்டும், உங்களில் யாரையாவது இந்தக் கரை இப்படிப் புகழ்ந்ததுண்டா?"

அந்தக் கேள்வி தைத்தது. சிறகுகள் மளமளவென எழுந்தன.

"நான் ஒரு வார்த்தை..." என்றது ஆள்காட்டி.

"அதற்கெல்லாம் இங்கே வழக்கமில்லை!" என்றது கூட்டம்.

ஆள்காட்டி வடகரைக்குப் பறந்தது. அங்கும் அதன் கூர்ங்கண்ணைப் பலர் புகழ, ஒரு வாத்து புழுங்கியது. "நேற்று வந்ததற்கு இன்று பெரிய பேரா? துரத்துங்கள்."

"எனக்கும் அதைப் பிடிக்கவில்லையப்பா," என்றது ஐவரில் மூத்த வாத்து. "என்ன செய்ய? பௌர்ணமி வரட்டும்."

பௌர்ணமிக்கு முன்பே காட்டுப்பூனை வந்தது. ஆள்காட்டி கத்தியது; வாத்துகள் விரட்டின. பசியோடு பூனை ஏரியைச் சுற்றித் தென்கரைக்கு நடந்தது. அங்கே கத்த எவருமில்லை. பெட்டை இரை தேடித் திரும்பியபோது, அழகிய கூட்டில் ஓடுகளே கிடந்தன.

பௌர்ணமியன்று வடகரையில் துரத்தும் பேச்சை எவரும் எடுக்கவில்லை. தென்கரையில் பெட்டை, "ஆள்காட்டியை அழைத்துவருவோம்," என்று சிறகை உயர்த்தியது.

"ஊரிலேயே அழகான கூடு கட்டினாளே, அவளுக்குத் தனிக் காவலும் வேண்டுமாம்," என்றது பின்னாலிருந்து ஒரு கோழி.

பெட்டை, சேவல் சிறகுகளைத் தவிர வேறொன்றும் எழவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் தென்கரை நாணலில் ஒரு கூடும் இல்லை.

பொறாமை எல்லாக் கரைகளிலும் உண்டு. அதைக் காத்திருக்க வைக்கும் விதியை உடைய குடியாட்சியே நிலைக்கும்.