மண்டிக்குப் போய் வந்த மல்லாட்டை

ஒரு ஊர்ல ஒரு சாக்கு இருந்துச்சு. அது நெறைய மல்லாட்டை. வேர்க்கடலைய எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்.

கொளஞ்சியோட அரைக்காணி நெலத்துல வெளஞ்சது. முன்னாடி போன மூட்டையெல்லாம் வீட்டுச் செலவுலயே கரைஞ்சு போச்சு. மிஞ்சினது இது ஒண்ணுதான். உள்ள பருப்பில்லாத பொக்கை, சூம்பல் எல்லாத்தையும் அடியில தள்ளி, மூணு பருப்புக் காயாப் பொறுக்கி மூட்டை வாயில அடுக்கினான் கொளஞ்சி.

"யோவ், அந்த நல்ல காய வெதைக்கு வையி"ன்னா பொண்டாட்டி அஞ்சலாட்சி.

"நல்ல வெலைக்குப் போவட்டும்டி. ஆடிக்கு வெதையும் வாங்கலாம், மிச்சத்துல உனக்குச் சேலையும் வாங்கலாம்."

"மல்லாட்டைய வித்து மல்லாட்டை வாங்கப் போற. நல்லா இருக்குய்யா உன் யாவாரம்."

மேல குந்தியிருந்த தடிக்காய் பொலம்புச்சு. "என்னைச் செக்குல போட்டு ஆட்டிருவாங்களே. நான் மண்ணுக்குப் போவணும், மொளைக்கணும்."

அடியில இருந்த பொக்கைக்குச் சிரிப்பு. "எனக்கு அந்தக் கவலை இல்ல மாமா. உள்ள ஏதாச்சும் இருந்தாத்தானே ஆட்டுறதுக்கு."

"அப்புறம் எதுக்குடா மூட்டையில ஏறுன?"

"எடைக்கு."

"உனக்கு ஏதுடா எடை?"

"அதான் கும்பலா வந்திருக்கோம்."

மண்டியில வியாபாரி மூட்டை வாயத் தொடவே இல்ல. அடித்தையலப் பிரிச்சுக் கைய விட்டு, நாலு காய நசுக்கிப் பாத்தான். நாலும் காத்து.

"என்னய்யா, காத்தை விக்க வந்தியா?"

"மொதலாளி, மேல பாருங்க, தங்கமா இருக்கு."

"தெரியும்யா. ஊர்ல எல்லா மூட்டைக்கும் தங்கம் மேலதான்."

மூட்டை மொத்தத்துக்கும் பொக்கை வெலைதான் போட்டான். பொக்கைக்குத் தலைகால் புரியல. "மாமா, உன் வெலைய யாரு வச்சான்னு பாத்தியா?"

கொளஞ்சி தலை மறைஞ்சதும் வியாபாரி சல்லடைய எடுத்தான். "குண்டா இருக்கறவங்க மேல நில்லுங்க, மத்தவங்க செக்குக்கு நடங்க"ன்னு சல்லடை குலுங்குச்சு. தடிக்காயப் பளபளன்னு ஒரு பையில போட்டாங்க.

"இனிமே நீ மல்லாட்டை இல்ல, விதை"ன்னுச்சு பை.

"நான் ஒண்ணும் மாறலியே."

"வெலை மாறிருச்சே. போதாதா?"

ஆடி வந்துச்சு. வெதை வாங்கக் கொளஞ்சியும் அதே மண்டிக்கு வந்தான். வெலையக் கேட்டுட்டு மடியில இருந்த காச எண்ணுனான். நெலம் முழுக்க வெதைக்க ரெண்டு பை வேணும். மூட்டை வித்த காசு ஒரு பைக்குத்தான் வந்துச்சு. ஒண்ணை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனான்.

ஓடு உரிஞ்சு ஏர்ச்சால்ல விழுந்ததும் தடிக்காய்க்கு உசுரு வந்துச்சு. அதே மண்ணு, அதே ஈரம்.

"வாய்யா, எங்க போயிருந்த?"ன்னுச்சு நெலம்.

"சும்மா, மண்டி வரைக்கும்." தடிக்காய் சுத்துமுத்தும் பாத்துச்சு. வரப்புக்கு அந்தப் பக்கம் பாதி நெலம் வெறும் நெலமாக் கெடந்துச்சு. "ஏன், அங்க ஒண்ணும் போடலியா?"

"போட்டிருக்கானே. நீ மண்டிக்குப் போய் வந்த செலவ அங்கதான் வெதைச்சிருக்கான்."