பதினெட்டு அடிப் பிளவு

குதிப்பதற்கு விதி எழுத தாணுலிங்கத்துக்கு நான்கு மாதம் பிடித்தது.

நாகர்கோவிலில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அறையில், ஞாயிறு மதியங்களில் ஆறு பேர் கூடி ஒரு கதை விளையாட்டு ஆடுவார்கள். மேசைமேல் கட்டம் போட்ட தாள், சில பகடைகள், ஆளுக்கொரு வீரன் அல்லது வீராங்கனை. மலையும் காடும் அரக்கர் குகையும் வாய்ச்சொல்லிலேயே எழும். தன் ஆள் என்ன செய்கிறான் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அதனால் என்ன ஆயிற்று என்பதை விளையாட்டை நடத்துபவர் சொல்வார்.

நடத்தியவர் பகவதி. முப்பத்து மூன்று வயது. எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அவரிடம் நடத்தக் கற்றுக்கொள்ள வந்த தாணுலிங்கத்துக்கு ஐம்பத்தொன்று. தாலுகா அலுவலகத்தில் நில அளவையர்.

"முதல்ல நடக்கிறதுக்கும் தாவுறதுக்கும் விதி எழுதிட்டு வாங்க," என்றார் மாஸ்டர்.

எழுதினார். ஒருவருடைய முறை வரும்போது முப்பது அடி நடக்கலாம். சேற்றில் பாதி. முதுகில் சுமை இருந்தால் அதற்குத் தக்கபடி இன்னும் குறையும். தாவுவதற்காக அவர் விளையாட்டு மைதானத்து மணல் குழிக்கே போய், அங்கே பயிற்சி எடுக்கிறவர்கள் தாண்டுவதைப் பல நாள் டேப் பிடித்து அளந்தார். ஓடிவந்து தாவினால், அந்த ஆளின் தாளில் குறித்திருக்கும் வலிமை எண் எத்தனையோ அத்தனை அடி. நின்ற இடத்திலிருந்து என்றால் அதில் பாதி.

மாஸ்டர் படித்துப் பார்த்தார். "சரியா இருக்கு," என்றார். அடுத்த ஞாயிறு அவரையே நடத்தச் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

அன்று ஜெசிந்தா என்பவளின் வீராங்கனை ஒரு பிளவின் விளிம்பில் வந்து நின்றாள். எதிர்க்கரையில், எட்டு மாதமாகக் கதையில் அவளோடு கூடவே நடந்துவந்த விளக்குக்காரி சுடர், ஒரு வேரைப் பிடித்துத் தொங்கினாள். வேர் பிய்ந்துகொண்டிருந்தது.

"அகலம் எவ்வளவு, அண்ணாச்சி?"

"பதினெட்டு அடி."

ஜெசிந்தா தன் தாளைப் பார்த்தாள். வலிமை பதினாறு.

"குதிக்கிறேன்."

"முடியாதும்மா. உங்களுக்குப் பதினாறுதான்."

"தெரியும். குதிக்கிறேன்."

"அதான் முடியாதே. வேற ஏதாவது சொல்லுங்க."

ஜெசிந்தா கையிலிருந்த பகடையை மேசைமேல் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டாள். படியில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிப் போவதை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

தாணுலிங்கம் மூன்றாம் ஞாயிறு, மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து மாஸ்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"என் அளவுல தப்பு இருக்கா?"

"இல்லை."

"அப்போ விதியைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கணுமா?"

மாஸ்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இரண்டு கோடு இழுத்தார்.

"அதே பிளவு. இந்தக் கரையில நீங்க. அந்தக் கரையில உங்களுக்கு வேண்டியவங்க ஒருத்தர் தொங்குறாங்க. யாருன்னு எங்கிட்டச் சொல்ல வேண்டாம். அகலம் பதினெட்டு. உங்களுக்குப் பதினாறு. என்ன செய்றீங்க?"

தாணுலிங்கம் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கீழே கடையில் யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள். அந்தச் சத்தம் நின்ற பிறகும் அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயிறு இருக்கா?"

"இல்லை."

"சுத்திப் போக வழி?"

"அதுவரைக்கும் வேர் தாங்காது."

அவர் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"குதிக்கிறேன்."

"முடியாது," என்றார் மாஸ்டர்.

"விழுந்திருவேன்னு சொல்லுங்க. முடியாதுன்னு எப்படிச் சொல்லலாம்?" தாணுலிங்கத்தின் குரல் அவரை அறியாமல் உயர்ந்துவிட்டது.

"கோபம் வருதா?"

"வருது."

"பள்ளத்து மேலயா?"

அவர் தாளிலிருந்து கண்ணை எடுத்து மாஸ்டரைப் பார்த்தார். "உங்க மேல."

மாஸ்டர் தாளை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

தாணுலிங்கம் அப்போதே கோட்டாறுக்குப் பஸ் ஏறினார். ஜெசிந்தா வீட்டு முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"விளையாட்டுல தோத்துட்டேன்னு நான் எழுந்து போகல்ல, அண்ணாச்சி," என்றாள். "போன மழைக்காலத்துல அம்மா கடைசி மூச்சுல ஆஸ்பத்திரியில கெடந்தாங்க. நான் கதவுக்கு வெளியே நிக்கேன். உள்ள போறேன்னு சொன்னேன். இப்ப முடியாதுன்னாங்க. அங்க விதி அப்படி. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது."

ஈரச் சேலையை உதறினாள்.

"நான் உள்ள போயிருந்தா அம்மா பிழைச்சிருப்பாங்களா? மாட்டாங்க. அது எனக்கும் தெரியும்."

தாணுலிங்கம் சேலையின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார். இரண்டு பேருமாக அதைக் கொடியில் விரித்துப் போட்டார்கள். பிறகு அவர் சொன்னார்.

"அடுத்த ஞாயிறு வாங்கம்மா. கதையை அந்த இடத்துலயே நிறுத்தி வச்சிருக்கோம். ஆனா பதினெட்டு அடி பதினெட்டு அடியாத்தான் இருக்கும்."

"இருக்கட்டும்," என்றாள் ஜெசிந்தா.

வந்தாள். தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். யாரும் வேறு பேச்சு எடுக்கவில்லை.

"குதிக்கிறேன்," என்றாள்.

"ஓடி வர்றீங்களா?"

"ஓடி வர்றேன்."

தாணுலிங்கம் எழுந்து நின்றார். அவள் ஓடியதைச் சொன்னார். காலடியில் சரளைக்கல் சிதறியதைச் சொன்னார். விளிம்பை உதைத்துக் கால் எழும்பியது. ஐந்து அடி. பத்து அடி. எதிர்க்கரையில் சுடர் தலையைத் திருப்பினாள். தன்னை நோக்கி ஒருத்தி காற்றில் வருவதைப் பார்த்தாள். பதினான்கு. பதினாறு.

அங்கே அவர் பேச்சு நின்றது. எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"கை எட்டலை," என்றார். அந்த இரண்டு சொல்லைச் சொல்ல அவர் மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஜெசிந்தா அழுதாள். எழுந்து போகவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"சுடர் என்னைப் பார்த்தாளா, அண்ணாச்சி?"

"பார்த்தாள்."

"போதும்."

எல்லோரும் கலைந்த பிறகு தாணுலிங்கம் மட்டும் போகாமல் நின்றார். மாஸ்டர் பகடைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், பதினெட்டுன்னு வாய் வரைக்கும் வந்துட்டுது. ரெண்டே ரெண்டு அடி. கொடுத்திருக்கலாமோ?"

மாஸ்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"பதினாறு அடி ஜெசிந்தாவோடது. மிச்சம் ரெண்டு அடி பள்ளத்தோடது. இதுல உங்களோடது எத்தனை அடி?"