சட்டைப் பையில் சாவி

மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட். அதன் மேனேஜர் பரஞ்சோதிக்கு, மரம் ஏறுபவர்கள் இடுப்பில் கட்டும் கயிறு என்றாலே எரிச்சல்.

"கயிறு கட்டி அவிழ்க்கவே அரை நாள் போகுது. குரங்கு கயிறு கட்டிக்கிட்டா மரம் ஏறுது?" என்று எல்லாக் கயிற்றையும் ஷெட்டில் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சடையாண்டி, பங்களா பலாமரத்துல ஏறி ஒரு கிளையை வெட்டு. முடியாதுன்னா வேலை கிடையாது!"

மரம் வெட்டும் சடையாண்டி தலையைச் சொறிந்தான். "வெட்டிடறேன் தொரை. ஆனா வெட்டச் சொன்னவங்கதான் கிளையில சுண்ணாம்புக் குறி வைக்கணும். நாளைக்குத் தப்பான கிளைய வெட்டிட்டேன்னு சொல்லக் கூடாது பாருங்க."

"இவ்வளவுதானே!"

வேலையாட்கள் வேடிக்கை பார்க்க, மேனேஜர் விறுவிறுவென்று ஏறிக் குறி வைத்தார். அப்புறம்தான் கீழே பார்த்தார். கிளையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"சடையாண்டி, கயிறு கொண்டாடா!"

"ஷெட்டு பூட்டியிருக்கு தொரை. சாவி உங்க பையில."

"கையை விட்டா விழுந்துடுவேனே!"

"ஒரு கையைத்தானே விடணும்? கயிறில்லாம அரிவாள் பிடிக்க எங்களுக்கும் அந்த ஒரு கைதான் தொரை!"

வெகுநேரம் கழித்துச் சாவி கீழே விழுந்தது. அதன்பிறகு அந்த ஷெட்டை யாரும் பூட்டவில்லை.