எட்டுப் புள்ளி

ஹாம் ரேடியோ சங்கத்துத் தலைவர் ஞானதுரை புள்ளியும் கோடுமாய் மோர்ஸ் அடித்தால், தட்டுகிற கீயே சூடாகிவிடும் என்பார்கள். சொன்னது பெரும்பாலும் அவரேதான். தப்பாக அடித்துவிட்டால் எட்டுப் புள்ளி தட்டி அதை ஒத்துக்கொள்வது மோர்ஸ்காரர்கள் வழக்கம். அவர் ஒருநாளும் தட்டியதில்லை.

சங்கத்தைப் பெருக்கித் துடைக்கும் பேச்சியம்மாள், காதில் விழுந்ததை வைத்தே மோர்ஸ் கற்றுக்கொண்டாள். குக்கர் விசில்கூட அவளுக்கு எழுத்தாகத்தான் கேட்கும். மோர்ஸ் வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டதும் தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“நான் அடிக்கிறதை எழுது. ஒரு தப்பு வந்தாலும் நாளைக்கு வேலைக்கே வராதே.”

வகுப்புப் பையன்கள் போனில் பதிவு செய்ய, ஒரு தாளைப் பார்த்துக் கடுகு பொரிகிற வேகத்தில் அடித்தார். வியர்வையில் அவள் பென்சில் வழுக்கியது.

தலைவர் இரண்டு தாளையும் ஒப்பிட்டார். “‘முகாமுக்கு நாலு படகு அனுப்பவும்’னு என் தாள்ல இருக்கு. இவ அஞ்சுன்னு எழுதியிருக்கா. கிளம்பு.”

“கிளம்புறேன் ஐயா. பாடத்துக்குன்னு போன்ல பதிவு பண்ணாங்களே, அதை ஒரு தடவை மெதுவா ஓட விடச் சொல்லுங்க.”

ஓடவிட்டார்கள். தப்பு தன் காதில்தானோ என்று அவள் போனை ஒட்டிக் குனிந்தாள். நாலு புள்ளியும் ஒரு கோடும் வந்தால் நாலு. வந்ததோ ஐந்து புள்ளி, அதாவது அஞ்சு. அவசரத்தில் கோடு புள்ளியாகியிருந்தது.

“நீங்க நினைச்சது எனக்குக் கேக்காதுங்க ஐயா, அடிச்சதுதான் கேட்டுச்சு. தப்புன்னா எட்டுப் புள்ளி வரும்னு கடைசி வரைக்கும் காத்திருந்தேன், வரலை.”

தலைவரின் விரல் வெகுநேரம் கீயின் மேலேயே நின்றது. பிறகு தட்டினார். பேச்சியம்மாள் எண்ணினாள். எட்டு.