வால்வுக்கு ஒரு உதாரணம்

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனி. வெளிநாட்டுக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று, கண்டுபிடிப்பைப் பற்றிய இருபது ஆங்கிலச் சொலவடைகளை எல்லாரும் கற்றே ஆகவேண்டும் என்று உத்தரவு போட்டார் மேனேஜர் ரகோத்தமன். தப்பாகச் சொன்னால் புது பம்ப் குழுவில் இடமில்லை.

தேர்வன்று முதலாளியும் வந்து உட்கார்ந்திருந்தார். பம்புகளை ஓட்டிச் சோதிக்கும் தவமணியின் முறை வந்தது. தமிழில் படித்தவள், பஸ்ஸில் போகவர மனப்பாடம் செய்திருந்தாள்.

"'ரீஇன்வென்டிங் தி வீல்.' அர்த்தம் சொல்லும்மா, பார்க்கலாம்," என்றார் ரகோத்தமன் இளக்காரமாக.

"ஏற்கெனவே இருக்கறதையே புதுசா கண்டுபிடிக்கறேன்னு மெனக்கெடறதுங்க சார்."

"உதாரணம்?"

"எட்டு மாசமா நீங்க வரைஞ்சுட்டு இருக்கற வால்வுங்க சார். இங்க வேலை பார்த்த மாசிலாமணி அண்ணன் போன வருசமே அதைச் செஞ்சு முடிச்சுட்டாருங்க. இங்கிலீஷ்ல விளக்கத் தெரியலைன்னு நீங்கதான் அவரை வேலையை விட்டு அனுப்பிட்டீங்க. அந்த வால்வு நான் சோதிக்கற பம்புல இன்னும் ஓடிட்டுதான் இருக்குது."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். முதலாளி சிரிக்கவில்லை, எழுந்துபோய் அந்த வால்வைப் பார்த்தார். தவமணிக்கு அன்றே குழுவில் இடம் கிடைத்தது.

சாயங்காலம் மாசிலாமணிக்குப் போன் போட்டாள். அவர் இப்போது திருப்பூரில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேன்.

"முதலாளி கூப்பிடறாருங்கண்ணா, வந்துருங்க."

"நான் வரலம்மா. நீ நல்லா பேசினியாமே, சந்தோசம். என்னை அனுப்பின அன்னைக்கும் நீ அந்த ரூம்லதானம்மா இருந்தே?"