இசக்கியப்பனின் நான்காவது கிழங்கு

"டீச்சர், எனக்கும் இந்தக் கிழங்குக்கும் ஒத்து வராது. நாளைக்கு நான் வரல."

சொன்னவர் இசக்கியப்பன். கல்லூரி விடுதியில் சமையல்காரர். நாற்பத்தாறு வயதில் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதுகிறார். மறுநாள் அறிவியல் செய்முறைத் தேர்வு.

ஆய்வகத்தில் செய்முறை சொல்லித்தரும் பிரீடா டீச்சருக்கு இருபத்தாறு வயது.

"என்ன ஆச்சுண்ணே?"

"நாலு நாள், நாலு உருளைக்கிழங்கு. தோலெடுத்து, நடுவுல குழி தோண்டி, சர்க்கரைத் தண்ணி ஊத்தி, மட்டத்துக்கு ஒரு குண்டூசியும் குத்தி, தண்ணிக் கிண்ணத்துல வச்சேன். வெளித்தண்ணி உள்ளே போயி ஊசிக்கு மேல வரணுமாம். எல்லாருக்கும் வருது. எனக்கு மட்டும் அசைய மாட்டேங்குது."

"ஒரு தாளிப்பு போட்டுப் பாருங்க அண்ணாச்சி" என்றாள் பக்கத்து மேஜை மும்தாஜ். அவளும் தனித்தேர்வர்தான், தையல்காரி.

"கேட்டீங்களா டீச்சர்? எட்டாவதோட நின்னவன் நான். முப்பது வருஷம் கழிச்சு வந்து உக்காந்தா இப்படித்தான். கிழங்குக்கே தெரிஞ்சிருக்கு."

டீச்சர் எழுந்து வந்தார். கிழங்கைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு கீறல் இல்லாம உரிச்சிருக்கீங்களே!"

இசக்கியப்பனின் முகம் மலர்ந்தது. "இருபது வருஷக் கை டீச்சர். தினம் நாற்பது கிலோ."

"இன்னொண்ணு இருக்கா?"

டிபன் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

டீச்சர் அதை ஒரு கடி கடித்தார்.

"டீச்சர்! அது சோதனைக்கு!"

"மும்தாஜ், உப்பு இருக்கா?"

சாப்பாட்டுப் பையிலிருந்து உப்புப் பொட்டலம் வந்தது. தொட்டுக்கொண்டு, நிதானமாக மென்றார்.

"பதமா வெந்திருக்குண்ணே."

"வேகாம பின்ன? அவிச்சாத்தானே தோலு..."

இசக்கியப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மும்தாஜ் மேஜையில் தலை கவிழ்ந்து சிரித்தாள். தோள் குலுங்கியது.

"வெந்தா உயிரு போயிடும், தண்ணிய இழுக்காதுண்ணே" என்று டீச்சர் தன் காய்கறிப் பையைத் துழாவி ஒரு கிழங்கை உருட்டிவிட்டார். மண் ஒட்டியிருந்தது. ஓரத்தில் சின்னதாய் ஒரு முளை.

இசக்கியப்பன் அதைப் பச்சையாகவே சீவினார். அவித்து உரித்தே பழகிய கைக்குக் கோணல்மாணலாக வந்தது. குழி தோண்டினார், சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினார், ஊசி குத்தினார், தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தார். முன்னால் உட்கார்ந்தார்.

அரை மணி. ஊசி தண்ணீருக்கு மேலேயே இருந்தது.

ஒரு மணி. ஊசி மூழ்கியிருந்தது.

"ஏ மும்தாஜ்! ஓடியா! குடிக்குது பாரு, குடிக்குது!"

அவள் குனிந்து பார்த்தாள். "என்ன அண்ணாச்சி பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல தாயி. சும்மா விட்டேன்."

மாலை மணி அடித்தது. எல்லாரும் போய்விட்டார்கள். டீச்சர் சாவியோடு வாசலில் நின்றார்.

"காலையில பத்து மணிக்குப் பரீட்சைண்ணே. எந்திரிங்க, பூட்டணும்."

இசக்கியப்பன் திரும்பவில்லை.

"பூட்டிட்டுப் போங்க டீச்சர். நான் உள்ளேயே இருக்கேன். இன்னும் ஏறுது."