சீமாறு கட்டிய சைக்கிள்

இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு தார்ச்சாலை படுத்திருந்தது. ஒரு முனையில் சந்தை, மறுமுனையில் நூல்மில். தன்மேல் யார் போனாலும் சாலைக்கு ஒன்றுதான். கரும்பு வண்டிக்கும் முதுகைக் கொடுத்தது. மந்திரி காருக்கும் அதே முதுகைத்தான் கொடுத்தது.

ஆனால் அந்த வழியே ஓடிய ஒரு தனியார் பஸ், சாலை தனக்காகவே போடப்பட்டது என்று நம்பிக்கொண்டிருந்தது. அதன் பெயர் மின்னல் ராணி. நெற்றியில் பெயர், பெயரைச் சுற்றி வண்ண விளக்குகள், விலாப்புறத்தில் தோகை விரித்த மயில்கள், முன்கண்ணாடியில் தினமும் புது மாலை. சூடம் காட்டாமல் டிரைவர் செங்கோடன் சாவியைத் திருப்ப மாட்டார். இத்தனை பூசை நடந்தால் யாருக்குத்தான் தலைக்கனம் வராது?

ராணிக்கு ஒரு துதிபாடி உண்டு. அது ஹாரன். "ராணி வர்றாங்க, வெலகு! ராணி வர்றாங்க, வெலகு!" இதைத் தவிர அதற்கு வேறு பாட்டுத் தெரியாது. அரசர்கள் எல்லாருக்கும் இப்படி ஒரு குரல் வாய்த்துவிடுகிறது. அதற்குச் சொந்தக் கால் கிடையாது. ஆனால் ஊரையெல்லாம் ஓடச் சொல்லும்.

ராணிக்கு ஒரு அடியாளும் உண்டு. அவள் கூடவே ஓடிவரும் காற்று.

அதே சாலையில் தவமணியின் சைக்கிளும் ஓடியது. தவமணி நூல்மில்லில் வேலை செய்கிறவள். அவள் குடியிருந்த காலனியில் ராணி நிற்பதில்லை. நின்றால் வேகம் குறைந்துவிடுமாம். ஆகவே காலை ஷிப்டுக்குச் சைக்கிள்தான் அவளுக்குக் கால்.

சைக்கிளை முந்தும்போது ராணி ஒதுங்கமாட்டாள். மயிலின் தோகை கைப்பிடியை உரசுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு போவாள். பின்னாலேயே காற்று வந்து தோளைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளும். சைக்கிள் வெள்ளைக் கோட்டைத் தாண்டி, ஜல்லியில் இறங்கி, சீமைக்கருவேல முள்ளில் போய் நிற்கும்.

ஒருநாள் ரயில்வே கேட் மூடியிருந்தது. ராணியும் நிற்கவேண்டியதாயிற்று. சைக்கிள் பக்கத்தில் போய்க் கேட்டது.

"ஏனுங் ராணியம்மா, இத்தன அகல ரோடு கெடக்குதுங்களே. ஒரு மொழம் தள்ளிப் போனா ஆகாதுங்களா?"

"நான் உன்னைத் தொட்டனா? என்னைக்காச்சும் என் ஒடம்பு உன் மேல பட்டிருக்குதா?"

"படலீங்க. உங்க காத்துப் பட்டுது."

"காத்து என்னைக் கேட்டுட்டா அடிக்குது? அதுகிட்டப் போயிக் கேளு."

காற்று தோளைக் குலுக்கியது. "நான் கூட வந்தவன். அவங்க நின்னா நானும் நிப்பேன். இப்ப நிக்கறேனா இல்லையா? என்னைய எதுக்குப் புடிக்கறே?"

உலகத்தில் விழுகிறவர்கள் ஏராளம். தள்ளினவர் மட்டும் யாருமே இல்லை.

சைக்கிள் வெள்ளைக் கோட்டிடம் முறையிட்டது.

"நான் கோடு. போட்ட எடத்துல கெடப்பேன்" என்றது கோடு. "எனக்கு இந்தப் பக்கம் அவங்களுக்கு, அந்தப் பக்கம் உனக்கு."

"அந்தப் பக்கம் பள்ளமும் முள்ளுமா இருக்குதே."

"அதனாலதான் அது உனக்கு."

அந்த வாரமே சைக்கிள் முழுசாக விழுந்தது. மழை அரித்த ஓரத்தில் சக்கரம் இறங்கி, தவமணி ஓடைக்குள் போய் விழுந்தாள். முழங்கை தோல் உரிந்தது. ஹேண்டில்பார் கோணிக்கொண்டது. தூக்குப்போசியில் இருந்த சோற்றை எறும்புகள் பங்குபோட்டுக்கொண்டன. ராணி திரும்பிப் பார்க்கவில்லை. அவளிடம் பின்புறம் பார்க்கக் கண்ணாடி உண்டு. கண்ணாடி இருப்பது வேறு, பார்ப்பது வேறு.

வீட்டில் தவமணியின் புருஷன் மருதாசலம் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே கத்தினான்.

"இன்னொருக்கா உழுந்து எந்திரிச்சு வா, பாத்துக்கறேன். சைக்கிளத் தூக்கி இரும்புக்கடையில போட்டுட்டுத்தான் மறு சோலி. மில்லும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஊட்டுல கெட."

"தள்ளுன பஸ்ஸ இரும்புக்கடையில போடமாட்டீங்களா?"

"அது மொதலாளி வண்டி, தவமணி."

"இது என்ற வண்டி."

மருதாசலம் இன்னும் கொஞ்சம் மஞ்சளைக் குழைத்தான். கோபம் அவனுக்குப் பஸ்மேல்தான். ஆனால் பஸ்மேல் கோபப்பட்டு வழக்கமில்லை. சுவரில் சாய்ந்திருந்த சைக்கிள் எல்லாவற்றையும் கேட்டது. இன்னும் ஒரே ஒரு விழுதல்தான் மிச்சம். அதற்குப் பிறகு சைக்கிளுக்கு இரும்புக்கடை, தவமணிக்கு அடுப்படி.

மறுநாள் மில் சைக்கிள் ஸ்டாண்டில் சைக்கிள்கள் கூட்டம் போட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காயம் இருந்தது. ஒவ்வொன்றும் அதைக் காட்டியது.

"மனுக் குடுக்கலாம்" என்றது மட்கார்டு இல்லாத ஒரு பழைய சைக்கிள்.

"ஆருக்கு?"

"மேலிடத்துக்கு."

"மேலிடமே அந்த பஸ்ஸிலதானப்பா வருது."

"நாமளும் ஒரு ஹாரன் மாட்டிக்கலாம்" என்றது மில் தோழி ரெஜினாவின் ரோஸ் நிற சைக்கிள்.

"ஹாரனுக்குப் பொறத்தால பஸ் இருந்தாத்தான் அது ஹாரன். சைக்கிள் இருந்தா அது பீப்பி."

எல்லாச் சைக்கிள்களும் சிரித்தன. கூட்டம் கூட்டங்களின் வழக்கப்படி முடிந்தது. மறுபடியும் ஒரு கூட்டம் போடுவதென்று ஒருமனதாக முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவமணி சந்தைக்குப் போய் வாசல் கூட்ட ஒரு சீமாறு வாங்கினாள். தென்னை ஈர்க்கில் கட்டிய நல்ல நெட்டைச் சீமாறு. கேரியரில் நீளவாக்கில் கட்டிப் பார்த்தாள். அது முதுகில் குத்தியது. சரியென்று குறுக்குவாக்கில் கட்டினாள். அதன் குஞ்சம் வலது பக்கம் ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது.

பின்னால் ராணி வந்தாள். "வெலகு! வெலகு!" என்று ஹாரன் பாடியது. காற்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டது. சைக்கிள் கண்ணை மூடிக்கொண்டது. இத்தோடு சரி, இனி இரும்புக்கடைதான் என்று நினைத்தது.

அப்போது பிரேக் கிறீச்சிட்டது.

செங்கோடன் ஜன்னலில் தலையை நீட்டினார். "ஏ அம்மிணி! வெள்ளிக்கெழமையும் அதுவுமா சீமாத்தக் குறுக்க நீட்டிக்கிட்டுப் போறயே! வண்டி மேல பட்டுதுன்னா என்னாகறது? சாமி குடியிருக்கற வண்டி!"

"தள்ளிப் போங்ணா, படாது."

"ஐயோ, மயிலு மேல பட்டுருமே! தள்ளிப் போ, தள்ளிப் போ!" என்று ராணியும் அலறினாள்.

அலறிக்கொண்டே சாலையின் அடுத்த பாதிவரை ஒதுங்கிப் போனாள். காற்று கையை நீட்டி நீட்டிப் பார்த்தது, எட்டவில்லை. தவமணியின் முந்தானையை லேசாக அசைத்துவிட்டு அசடு வழியப் போயிற்று.

சைக்கிள் மெல்லக் கண்ணைத் திறந்தது. "நீ என்ன சொல்லி அவளை வெரட்டுனே?"

"நான் எங்க பேசுனேன்? கெடந்த எடத்துல கெடக்கறேன்" என்றது சீமாறு.

"பின்ன ஏன் பயந்துக்கிட்டா?"

"உசுரு மேல பட்டா அவங்களுக்கு ஒரு 'அடடா'வோட முடிஞ்சு போயிரும். நான் மேல பட்டா மானம் போயிருமாம், லச்சுமி போயிருமாம். ஊடு பூராக் கூட்டறது நானு. என்னையத்தான் கதவுக்குப் பொறத்தால ஒளிச்சு வெப்பாங்க. ஒளிச்சு ஒளிச்சு வெச்சே என்னையப் பெரிய ஆளாக்கிட்டாங்க."

தவமணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சாலையில் தனியாகச் சிரித்துக்கொண்டே மிதித்தாள். வீட்டுக்கு வந்தும் கயிற்றை அவிழ்க்கவில்லை.

"வாசக் கூட்ட வாங்குனயா, ஊர்கோலம் போக வாங்குனயா?" என்றான் மருதாசலம்.

"ரோட்டக் கூட்ட வாங்குனேன்."

அடுத்த நாள் சைக்கிள் ஸ்டாண்டில் ரெஜினா மூக்கில் விரல் வைத்தாள். "ஏக்கா, என்ன வேசம் இது?"

தவமணி சொன்னாள். ரெஜினா சிரித்து முடிக்கவே நேரம் பிடித்தது. அன்று சாயங்காலம் அவளும் சந்தைக்குப் போனாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். மனுவாலும் ஹாரனாலும் ஆகாத ஒற்றுமை சீமாற்றால் ஆயிற்று. காலை ஷிப்டுக்குப் போகிற சைக்கிள் ஒவ்வொன்றும் வலது பக்கம் ஒரு குஞ்சத்தை நீட்டிக்கொண்டு போயிற்று.

ராணி தவித்துப்போனாள். அவளுடைய முதலாளி எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்து முன்னால் தொங்கவிட்டார்.

"ஏதாச்சும் பண்ணு" என்று ராணி எலுமிச்சம்பழத்தை அதட்டினாள்.

"நான் கண்ணுபடறதுக்குப் பொறுப்புங்க. சீமாறு படறது என்ற இலாகா இல்லீங்க" என்றது எலுமிச்சம்பழம்.

ராணி சீமாற்றிடமே பாய்ந்தாள். "கதவுக்குப் பொறத்தால கெடக்கறவளுக்கு ரோட்டுல என்னடி சோலி?"

"நான் வந்தனால ரோடு சுத்தமாச்சா இல்லையா? மொழம் தள்ளிப் போங்க. நான் பாட்டுக்கு நான், நீங்க பாட்டுக்கு நீங்க."

ஆனால் சாலை எங்கும் அகலமாக இருப்பதில்லை. மில்லுக்கு முன்னால் ஒரு வாய்க்கால் பாலம் இருந்தது. மிகக் குறுகல். ஒருநாள் தவமணி அந்தப் பாலத்தில் ஏறிவிட்டாள். பின்னால் ராணி. எதிரே பஞ்சு மூட்டை ஏற்றிய லாரி. ஒதுங்க இடமில்லை. ஒன்று, சைக்கிளை நசுக்கிக்கொண்டு முந்தவேண்டும். இல்லாவிட்டால் சைக்கிளுக்குப் பின்னால் போகவேண்டும்.

"ராணியாவது, சைக்கிளுக்குப் பொறத்தால போறதாவது! ஏறு! ஏறு!" என்று ஹாரன் தொண்டை கிழியக் கத்தியது.

"கைப்பிடிச் சுவரு இடுப்பு ஒசரந்தான். ஒரே தள்ளு போதும்" என்றது காற்று.

சைக்கிள் நடுங்கியது. தவமணி ஓரத்துக்குப் போகவில்லை. ஓரத்தில் வாய்க்கால்தான் இருந்தது. ஹேண்டில்பாரை இறுகப் பிடித்து நேராக மிதித்தாள்.

செங்கோடன் சீமாற்றின் குஞ்சத்தைப் பார்த்தார். குஞ்சத்துக்குப் பக்கத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. ஆறிக்கொண்டிருந்த ஒரு காயமும் அதில் தெரிந்தது. இத்தனை நாள் அந்தச் சாலையில் ஓட்டியும் ஒரு சைக்கிள்காரியின் முழங்கையை அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பார்க்கிற வேகத்தில் அவர் போனதே இல்லை. கியரை இறக்கினார். ஹாரனிலிருந்து கையை எடுத்தார்.

மின்னல் ராணி பிறந்த நாள்முதலாக முதன்முறை ஒரு சைக்கிளுக்குப் பின்னால் நடந்து போனாள். பஸ்ஸுக்குள் ஒருவர் கேட்டார், "ஏனப்பா, பஞ்சராயிருச்சா?" இன்னொருவர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "அட, அங்க பாரு, வாய்க்கால்ல கொக்கு நிக்குது" என்றார். எல்லாரும் கொக்கைப் பார்த்தார்கள்.

"இந்தப் பாலத்துக்கு அடியில தண்ணி ஓடுதா?" என்று ராணி மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க பொறக்கறதுக்கு முந்தியே ஓடுதுங்க" என்றது பாலம்.

பாலம் முடிந்தது. வானம் இடிந்து விழவில்லை. ராணி வழக்கமான நேரத்துக்கே மில் நிறுத்தத்தில் போய் நின்றாள். தவமணியும் கேட் மூடுமுன் உள்ளே போனாள்.

அதன் பிறகு செங்கோடன் தானாகவே ஒதுங்கிப் போகப் பழகினார். சீமாறு இல்லாமல் போன ஒரு வெளியூர்ச் சைக்கிளுக்கும் முழம் விட்டார். தவமணி விழாமல் வேலைக்குப் போய்வந்தாள். மருதாசலம் இரும்புக்கடைப் பேச்சை விட்டுவிட்டான். ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு, "என்ற சைக்கிளுக்கும் ஒண்ணு கட்டிக் குடேன்" என்றான்.

தைமாதம் ராணிக்குப் புது வர்ணம் அடித்தார்கள். முதுகில் கொட்டை எழுத்தில், 'சைக்கிளுக்கு வழிவிடுவோம், மனிதநேயம் காப்போம்' என்று எழுதினார்கள். சந்தை மைதானத்தில் மேடை போட்டு, சாலைக்கு நாகரிகம் கற்றுத்தந்தவர் என்று முதலாளிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஹாரன் புதுப் பாட்டுக் கற்றுக்கொண்டது.

"நான் பொறந்ததுல இருந்தே இப்படித்தான்" என்றாள் ராணி. "எளியவங்களைக் கண்டா எனக்கு மனசு எளகிரும்."

சைக்கிளுக்குச் செயின் கொதித்தது. "கேட்டயா இவ பேச்ச? ஓடையில நான் கெடந்தப்ப எங்க போச்சு அந்த மனசு? போயி நாலு கேள்வி கேட்டுட்டு வர்றேன்."

"சும்மா இரு" என்றது சீமாறு. "பெருமைய அவ வெச்சுக்கட்டும். மொழத்த நாம வெச்சுக்குவோம்."

மறுநாள் காலை, சைக்கிள் ஸ்டாண்டுக்கு எதிரே ராணி புது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ரெஜினா அந்த எழுத்தைப் பார்த்தாள்.

"அதான் அவங்களே எழுதி வெச்சுட்டாங்களேக்கா. இனி எதுக்கு இதக் கட்டிக்கிட்டுச் சுத்தறது? அவுத்துப்புடலாமா?"

தவமணி அந்த எழுத்தை நிதானமாக ஒருமுறை வாசித்தாள். நல்ல எழுத்து. பிறகு கேரியர் பக்கம் குனிந்து, தளர்ந்திருந்த கயிற்றை இழுத்து, இன்னொரு முடிச்சுப் போட்டாள்.